செத்த அரக்கன் மீண்டும் எழுவது எப்படி: திகில் படங்களின் இரண்டாம் பாகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு திகில் படம் நன்றாக ஓடிவிட்டால், அடுத்த பாகம் எப்போது என்ற பேச்சு தயாரிப்பாளரின் அலுவலகத்தில் உடனே தொடங்கிவிடும். ஆனால் காதல் கதைக்கோ காவல்துறைக் கதைக்கோ இரண்டாம் பாகம் எடுப்பதைவிடத் திகில் கதைக்கு எடுப்பது கடினமான வேலை. அச்சம் என்பது தெரியாத ஒன்றிலிருந்து பிறப்பது. முதல் படத்தில் கதவுக்கு அப்பால் வருவது யார், அதன் முகம் எப்படி இருக்கும், அது என்ன செய்யும் என்று எதுவும் தெரியாமல் பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் படத்திலோ அந்த முகம் சுவரொட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. டிக்கெட் வாங்கும்போதே அவர் அதைப் பார்த்துவிடுகிறார். போதாக்குறைக்கு, முதல் படத்தின் கடைசிக் காட்சியில் பெரும்பாலும் அந்த அரக்கன் செத்துப்போயிருப்பான்.

ஆகவே திகில் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு இரண்டு வேலைகள் முன்கூட்டியே காத்திருக்கின்றன. முடிந்துபோனதை முடியாததாக்க வேண்டும். பழகிப்போன முகத்தை மறுபடியும் பார்க்கத் தூண்டுவதாக்க வேண்டும். இவையிரண்டும் கதாசிரியரின் மேசையில் தீர்ந்துவிடுகின்றன என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அவற்றில் பெரும்பகுதி நடிகர் தேர்விலும், ஒப்பனை அறையிலும், படப்பிடிப்பின்போது நேரும் விபத்துகளிலும், தணிக்கைக்காரர்களோடு நடக்கும் பேரத்திலும்தான் முடிவாகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அது உருவான விதத்தைப் பார்ப்பதே நல்ல வழி.

அதற்கு முன் ஒரு தெளிவு தேவை. இரண்டாம் பாகம் என்ற பெயரில் வருவன எல்லாம் ஒரே வகையல்ல. தமிழில் நாம் பார்க்கும் பேய்ப்பட வரிசைகளில் பல, பெயரையும் சில நடிகர்களையும் நகைச்சுவைக் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு, வீட்டையும் பேயையும் கதையையும் புதிதாக எடுத்துக்கொள்கின்றன. முதல் படத்தைப் பார்க்காதவருக்கும் அதில் எதுவும் குறைந்துவிடுவதில்லை. இங்கே பேசப்போவது அந்த வகையை அன்று. அதே மனிதர்கள், அதே ஊர், முதல் கதை விட்ட இடத்திலிருந்தே தொடரும் அடுத்த கதை என்னும் கறாரான தொடர்ச்சியைப் பற்றியே பேசப்போகிறோம்.

அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் 1931ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ என்ற படத்தை வெளியிட்டது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய அந்தப் படத்தில், ஹென்றி ஃபிராங்கென்ஸ்டைன் என்னும் இளம் விஞ்ஞானி பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஓர் உருவத்தைச் செய்து மின்னலின் ஆற்றலால் அதற்கு உயிரூட்டுகிறான். ஃபிராங்கென்ஸ்டைன் என்பது விஞ்ஞானியின் பெயர் மட்டுமே. அரக்கனுக்குப் படத்தில் பெயரே கிடையாது. முடிவில் ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு துரத்திவந்து அரக்கனை ஒரு காற்றாலைக்குள் அடைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது. 1935இல் வந்த அதன் தொடர்ச்சியே ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்’. இன்று திகில் படங்களின் இரண்டாம் பாகங்களில் நாம் காணும் உத்திகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே படத்தில் பார்த்துவிடலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இயக்குநர் ஜேம்ஸ் வேல் இங்கிலாந்தின் நாடக மேடையிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போனவர். முதல் படத்தை இயக்கியவர் அவரே என்றாலும், தொடர்ச்சியை இயக்க அவர் முதலில் சம்மதிக்கவில்லை; அந்தக் கதையில் இருந்த சாறு அத்தனையையும் பிழிந்து எடுத்தாகிவிட்டது என்பது அவருடைய எண்ணம். நிறுவனம் பல எழுத்தாளர்களிடம் கதை வாங்கிப் பார்த்தது, ஒன்றும் தேறவில்லை. இடையில் வேல் வேறு படங்களை எடுத்தார். அவற்றில் 1933இன் ‘தி இன்விசிபிள் மேன்’ நன்றாகவே ஓடியது. கடைசியில் தயாரிப்பாளர் கார்ல் லெம்லி ஜூனியர் அவரைச் சம்மதிக்க வைத்தபோது, முதல் படத்தையே மறுபடி எடுப்பதில்லை என்ற உறுதியோடுதான் வேல் திரும்பி வந்தார். இந்தத் தயக்கம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். மறுபடியும் அதே விதமாகப் பயமுறுத்த முடியாது என்பதை உணர்ந்திருந்த இயக்குநர், பயத்தோடு பரிவையும் கிண்டலையும் கலந்தார்.

முதலில் செத்தவனை எழுப்ப வேண்டும். இதற்கு மிக எளிய வழியே கையாளப்பட்டது. எரிந்த காற்றாலைக்கு அடியில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் இருந்ததாகவும், தரை இடிந்தபோது அரக்கன் அதற்குள் விழுந்து பிழைத்ததாகவும் கதை சொல்கிறது. முதல் படத்தில் அப்படியொரு பள்ளத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் முதல் படம் அதை மறுக்கவும் இல்லை. இரண்டாம் பாகம் எழுதுகிறவர்கள் தேடுவது இத்தகைய காட்டப்படாத இடங்களைத்தான்: சடலம் காட்டப்படவில்லை, கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று காட்டப்படவில்லை, நெருப்பு அணைந்ததும் காட்டப்படவில்லை. முதல் படத்தின் கடைசிக் காட்சியை நிதானமாகப் பார்த்தால் இப்படியொரு சந்து எங்காவது இருக்கும்.

அடுத்த சிக்கல், நான்கு ஆண்டுகளுக்கு முன் பார்த்த கதையைப் பார்வையாளருக்கு நினைவூட்டுவது. வேல் இதைத் தனி முன்காட்சியாகவே அமைத்தார். மழையும் இடியுமான ஓர் இரவில் கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, அவருடைய துணைவி மேரி ஆகிய மூவரும் மாளிகைக்குள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேரி எழுதிய கதையைப் பைரன் வியந்து பேச, முதல் படத்தின் துணுக்குகள் திரையில் ஓடுகின்றன. கதை அத்துடன் முடியவில்லை என்று மேரி சொல்லத் தொடங்க, காற்றாலை எரிகிறது. சில நிமிடங்களில் பழைய கதையும் வந்துவிட்டது, புதிய கதைக்கும் வாசல் திறந்துவிட்டது.

பழைய துணுக்குகளை இப்படிச் சேர்ப்பது எளிதாகத் தோன்றலாம். யுனிவர்சல் தன்னுடைய சொந்தப் படத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டதால்தான் அது எளிது. முதல் படத்தின் உரிமை வேறொருவர் கையில் இருந்தால் நிலைமையே வேறு. சாம் ரைமி இயக்கி 1987இல் வந்த ‘ஈவில் டெட் 2’ படக்குழுவுக்கு முதல் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கவில்லை. ஆகவே முன்கதையை அவர்கள் சுருக்கிப் புதிதாகவே படமாக்கினார்கள்; முதல் படத்தில் ஐந்து பேர் போன காட்டுவீட்டுக்கு இதில் இருவரே போகிறார்கள், நாயகனின் காதலியாக நடித்தவரும் வேறொருவர். இது தொடர்ச்சியா, முதல் படத்தையே மறுபடி எடுத்ததா என்று ரசிகர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தின் வேர் கலையில் இல்லை, உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது.

இனி நடிகர்கள். இரண்டாம் பாகத்தின் நடிகர் பட்டியலைப் பார்க்கும்போது யார் திரும்பி வந்தார், யார் மாற்றப்பட்டார், யார் வேறு வேடத்தில் வந்தார், யார் புதிதாகச் சேர்ந்தார் என்று பிரித்துப் பார்த்தால் அந்தப் படத்தின் கணக்கு பாதி விளங்கிவிடும்.

அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃப் திரும்பி வந்தார். அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டனில் பிறந்தவர், தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வருவாய்த் துறையில் பணியாற்றியவர். முதல் படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அரக்கனாக நடிப்பவரின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. நான்கே ஆண்டுகளில், முதற்பெயர்கூட இல்லாமல் ‘கார்லாஃப்’ என்ற ஒற்றைச் சொல்லாக அது முதலிடத்துக்கு ஏறியிருந்தது. விஞ்ஞானியாக நடித்த காலின் கிளைவும் திரும்பி வந்தார்.

விஞ்ஞானியின் மணப்பெண் எலிசபெத்தாக முதல் படத்தில் நடித்தவர் மே கிளார்க். இரண்டாம் படத்தில் அந்த வேடம் வேலரி ஹாப்சனுக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 17தான். கணவனாக நடித்த கிளைவுக்கோ 35. கதைப்படி இரண்டு படங்களுக்கும் இடையில் ஓர் இரவுகூடக் கழியவில்லை, ஆனால் எலிசபெத்தின் முகம், குரல், கூந்தல் எல்லாமே மாறிவிட்டன. இதற்குப் படத்தில் ஒரு சொல் விளக்கமும் கிடையாது. அரக்கனின் முகம் மாறியிருந்தால் ரசிகர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். எந்த முகத்தை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதில் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. ஆனால் பெரும்பாலும் அது தப்புவதில்லை.

விஞ்ஞானியின் தந்தையாக முதல் படத்தில் நடித்த ஃபிரெடெரிக் கெர் 1933இல் காலமாகிவிட்டார். இரண்டாம் பாகத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. பிரபுப் பட்டம் மகனுக்கு வந்துவிட்டது. நடிகரின் மறைவு கதையின் குடும்ப வரலாற்றையே திருத்தி எழுதுவது தொடர்ச்சிப் படங்களில் அடிக்கடி நடப்பதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்வைட் ஃபிரையின் கதை. முதல் படத்தில் விஞ்ஞானியின் கூனல் விழுந்த உதவியாளனாக நடித்து, அரக்கன் கையால் செத்துப்போனவர் அவர். பாத்திரம் செத்துவிட்டாலும் நடிகரை விட யாருக்கும் மனமில்லை. ஆகவே இரண்டாம் படத்தில் கார்ல் என்ற வேறொரு உதவியாளனாக, கல்லறைகளைத் தோண்டும் கொலைகாரனாக அவர் வந்துவிட்டார். ஒரே நடிகர் ஒரே வரிசையில் இரண்டு பேராக வருவதை அன்றைய ரசிகர்கள் கேள்வி கேட்கவில்லை; அந்த மாதிரியான ஆள் என்றால் அந்த முகம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

புதிதாக வந்தவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் தெசிகர். டாக்டர் பிரிட்டோரியஸ் என்னும் கிழட்டு விஞ்ஞானியாக அவர் நடித்தார். ஒல்லியான உடல், கூர்மையான மூக்கு, ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துச் சுவைத்துப் பேசும் குரல். பூத்தையல் கலையில் தேர்ந்தவரான இவர், பிற்காலத்தில் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்தப் பாத்திரம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் படத்தின் முடிவில் ஹென்றி தன் தவற்றை உணர்ந்து திருந்திவிட்டான். திருந்திய விஞ்ஞானியை வைத்துக்கொண்டு அடுத்த கதையை நகர்த்த முடியாது. ஆகவே திருந்தாத ஒருவர் வெளியிலிருந்து வந்து அவனை மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குள் தள்ள வேண்டியிருந்தது. பழைய அரக்கன் மெல்ல மெல்ல நம் பரிவுக்கு உரியவனாகிவிடுவதால், காலியான வில்லன் நாற்காலியும் பிரிட்டோரியஸுக்கே கிடைத்தது.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ்தான் முதல் படத்தில் அரக்கனின் தட்டையான தலையையும், கனத்த இமைகளையும், கழுத்தில் துருத்தி நிற்கும் மின்முனைகளையும் உருவாக்கியவர். இரண்டாம் படத்துக்கு அதே முகத்தை அப்படியே ஒட்டிவிட்டால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அரக்கன் இப்போது தீயிலிருந்து பிழைத்து வந்தவன். பியர்ஸ் தீப்புண் தழும்புகளைச் சேர்த்தார், முடியைப் பெரும்பாலும் கருக்கினார். கதை நகர நகர முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வருவதுபோல ஒப்பனையை மாற்றிக்கொண்டே போனார். நாள் கணக்கில் நடக்கும் கதை என்பதை வசனமில்லாமல் உணர்த்தும் வேலை இது. காட்சிகளை வரிசை மாற்றிப் படமெடுக்கும்போது எந்தக் காட்சிக்கு எவ்வளவு முடி என்று கணக்கு வைத்திருப்பது எவ்வளவு தொல்லை என்பதைப் படத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

முகத்தில் இன்னொரு மாற்றமும் தெரியும். அது யாரும் திட்டமிட்டு வரைந்தது அல்ல. முதல் படத்தில் கார்லாஃப் தன் வாயிலிருந்த செயற்கைப் பல்வரிசையைக் கழற்றிவிட்டு நடித்தார்; அதனால் ஒரு பக்கக் கன்னம் குழிந்து, பிணத்தின் சாயல் கிடைத்தது. இரண்டாம் படத்தில் அரக்கன் பேசப்போகிறான். பல்வரிசை இல்லாமல் சொற்கள் தெளிவாக வராது என்பதால் அதை அவர் கழற்ற முடியவில்லை, கன்னமும் நிறைந்துவிட்டது. இரண்டு படங்களின் நிழற்படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே கண்ணில் படும். திரைக்கதையில் எடுத்த ஒரு முடிவு நடிகரின் கன்னத்தில் வந்து நின்றதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அரக்கனைப் பேசவைப்பது கார்லாஃபுக்குப் பிடிக்கவே இல்லை. ஊமையாக இருப்பதில்தான் அவனுடைய வலிமை இருக்கிறது, பேசத் தொடங்கினால் அந்த மர்மம் போய்விடும் என்பது அவருடைய வாதம். வேல் இணங்கவில்லை. அரக்கனுக்கு நாற்பதுக்குச் சற்று அதிகமான எளிய சொற்கள் மட்டுமே, ஒரு சிறுவனின் சொல்லறிவு அளவுக்கு, கொடுக்கப்பட்டன. காட்டுக் குடிசையில் தனியாக வாழும் பார்வையற்ற முதியவர் ஒருவர் அவற்றைக் கற்றுக்கொடுக்கிறார்: ரொட்டி, பானம், நண்பன், நல்லது, கெட்டது. பார்வை இல்லாததால் அரக்கனின் முகத்தைக் கண்டு அஞ்சாத ஒரே மனிதர் அவர்தான். பழகிய முகத்தை மறுபடி பார்க்கவைக்க வேண்டும் என்ற சிக்கலுக்கு, அந்த முகத்தையே பார்க்காத ஒருவரை எதிரில் உட்காரவைத்து விடை கண்டது எவ்வளவு புத்திசாலித்தனம்! அந்த முதியவராக நடிக்க ஓ. பி. ஹெகிதான் வேண்டும் என்பதில் வேல் உறுதியாக இருந்தார். வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்த அவர் வரும்வரை படப்பிடிப்பு ஏறத்தாழ பத்து நாள் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு குடிசைக் காட்சிக்காக நிறுவனம் அவ்வளவு காத்திருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் அதை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

படப்பிடிப்பு 1935 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியது. காற்றாலைக்கு அடியிலுள்ள தண்ணீர்ப் பள்ளத்தில் எடுத்த தொடக்கக் காட்சியிலேயே கார்லாஃப் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார்; கனத்த காலணிகளோடும் திணிப்பு வைத்த உடையோடும் அந்த வலியையும் சுமந்துகொண்டுதான் மீதிப் படத்தை நடித்து முடித்தார். காலின் கிளைவுக்கோ அதற்கு முன்பே கால் எலும்பு முறிந்திருந்தது. அதனால் அவருடைய காட்சிகளில் பலவற்றை அவர் உட்கார்ந்திருக்கும்படியோ படுத்திருக்கும்படியோ எடுக்க வேண்டியதாயிற்று. ஹென்றி ஏன் இவ்வளவு சோர்ந்துபோய் நாற்காலியிலேயே கிடக்கிறான் என்று பார்வையாளர் யோசித்தால், குற்ற உணர்ச்சி அவனை வாட்டுகிறது என்று தோன்றும். அதுவும் உண்மைதான், மாவுக்கட்டும் உண்மைதான்.

படத்தின் பெயருக்குக் காரணமான மணமகள் திரையில் தோன்றுவது கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. அந்த வேடத்தில் நடித்தவர் எல்ஸா லான்செஸ்டர். முன்காட்சியில் நாவலாசிரியை மேரி ஷெல்லியாக வருபவரும் அவரே. அழகாக உடுத்து அமைதியாகப் பேசும் ஒரு பெண்ணின் மனத்துக்குள்ளிருந்துதான் இந்தக் கோர உருவமும் பிறக்கிறது என்பதை ஒரே நடிகையை இரண்டு வேடங்களில் போட்டு வேல் சொல்லிவிட்டார். பெயர்ப் பட்டியலில் மேரி ஷெல்லிக்கு நேராக லான்செஸ்டரின் பெயர் இருக்கும். மணமகளுக்கு நேராக, முதல் படத்தில் கார்லாஃபுக்குச் செய்ததைப் போலவே, கேள்விக்குறி.

அவருடைய தலைமுடி பண்டைய எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் சிலையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அவருடைய சொந்த முடியையே ஒரு கம்பிக்கூட்டின் மேல் உயர்த்தி வாரி அலையலையாகப் படியவைத்து, இருபுறமும் மின்னல் வெட்டியதுபோல வெள்ளைக் கற்றைகளைச் சேர்த்தார்கள். உடல் முழுவதும் கட்டுத்துணி இறுக்கமாகச் சுற்றப்பட்டதால் அவரால் அசைய முடியவில்லை. தளத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கித்தான் போக வேண்டியிருந்தது, உணவைக்கூட உறிஞ்சுகுழாய் வழியாகத்தான் எடுத்துக்கொண்டார். மணமகளுக்கு வசனம் ஒன்றும் இல்லை. தனக்காக உருவாக்கப்பட்ட மாப்பிள்ளையைக் கண்டதும் அவள் அலறுகிறாள், பிறகு சீறுகிறாள். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் கோபம் கொண்ட அன்னங்கள் சீறுவதைக் கேட்டதிலிருந்து அந்த ஒலியைப் பிடித்ததாக லான்செஸ்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுபடி மறுபடி எடுத்ததில் அவருக்குத் தொண்டையே புண்ணாகிவிட்டது.

தந்திரக் காட்சிகளில் ஒன்றையாவது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிரிட்டோரியஸ் ஒரு பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குடுவைகளுக்குள் வாழும் விரலளவு மனிதர்களை ஹென்றியிடம் காட்டுகிறார்: ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பேராயர், ஒரு நடனக்காரி, ஒரு கடற்கன்னி. கணினி இல்லாத காலத்தில் இதை ஜான் ஃபுல்டன் என்ற தந்திரக் காட்சி நிபுணர் செய்தார். மேசைமேல் வெற்றுக் குடுவைகளை வைத்து நடிகர்கள் இருவரையும் முதலில் படமெடுத்தார்கள். பிறகு ஆள் நிற்கும் அளவுக்குப் பெரிய குடுவைகளைச் செய்து, கறுப்பு வெல்வெட் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, மேசைக் காட்சியில் கேமரா இருந்த அதே கோணத்தில் குட்டி மனிதர்களாக நடித்தவர்களைத் தனியே எடுத்தார்கள். இரண்டு பிலிம்களையும் பிறகு ஒன்றாகப் பதித்தார்கள். ராஜா குடுவையிலிருந்து ஏறி வெளியே ஓட, பிரிட்டோரியஸ் அவரை இடுக்கியால் தூக்கி மறுபடி உள்ளே போடும் காட்சியில் இடுக்கியின் நுனியும் ராஜாவின் சட்டைக்கழுத்தும் சரியாகச் சந்திக்க வேண்டும், அவை சந்திக்கின்றன. அந்த ராஜா அச்சாக எட்டாம் ஹென்றியைப் போல இருப்பது, அந்த அரசனாக 1933இல் நடித்துப் புகழ்பெற்ற, லான்செஸ்டரின் கணவர் சார்ல்ஸ் லாட்டனைச் சீண்டும் குறும்பு என்றே எனக்குப் படுகிறது. கடற்கன்னியாக வருபவர் ஜோசஃபின் மெக்கிம், 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வென்ற வீராங்கனை.

ஆய்வுக்கூடத்தில் பொறி பறக்கும் மின்கருவிகள் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்தவை. முதல் படத்திலும் இதே வேலையைச் செய்தவர் அவர். இம்முறை கருவிகளும் கூடின, பொறிகளும் கூடின. இரண்டாம் பாகம் என்றால் எல்லாம் முன்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற வணிக விதிக்குச் சரியான எடுத்துக்காட்டு அந்த அறை. கருவிகளை அவர் பத்திரமாக வைத்திருந்ததால், 1974இல் இதே கதையைக் கேலி செய்து ஒரு படம் எடுத்தபோது அவற்றையே கொண்டுவந்து மறுபடியும் இயக்கினார்கள்.

இசையில் வேறுபாடு இன்னும் பெரிது. 1931இன் படத்தில் தொடக்கத்தையும் முடிவையும் விட்டால் பின்னணி இசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பேசும் படமே புதிது, பின்னணி இசையை எங்கே எப்படிச் சேர்ப்பது என்ற தெளிவு அப்போது வந்திருக்கவில்லை. இரண்டாம் படத்துக்கு ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் இசையமைத்தார். பெர்லினில் தாக்கப்பட்டு ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். அரக்கனுக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று, பிரிட்டோரியஸுக்கு ஒன்று எனத் தனித்தனி இசைத்தொடர்களை அமைத்தார். மணமகளுக்கு உயிரூட்டும் காட்சியில் ஒரே சீராக ஒலிக்கும் முரசு அவளுடைய இதயத் துடிப்பாகிறது. 22 இசைக்கலைஞர்களை வைத்து ஒன்பது மணி நேரத்தில் முழு இசையும் பதிவானது.

படப்பிடிப்பு மார்ச் 7ஆம் தேதி, திட்டமிட்டதைவிடப் பத்து நாள் தாமதமாக முடிந்தது. 2,93,750 டாலர் என்று போட்ட கணக்கு ஏறத்தாழ 3,97,000 டாலருக்குப் போய் நின்றது. பிறகும் வெட்டுகள் தொடர்ந்தன. அமெரிக்கப் படத்துறையின் ஒழுக்க விதிகளை 1934இலிருந்து கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியிருந்த ஜோசஃப் பிரீனின் அலுவலகம், கொலைகளின் எண்ணிக்கை அதிகம், விஞ்ஞானி தன்னைக் கடவுளோடு ஒப்பிடுகிறான், முன்காட்சியில் மேரியின் கவுன் கழுத்துப் பகுதியில் மிகவும் இறங்கியிருக்கிறது என்று பல ஆட்சேபங்களை எழுப்பியது. கார்ல் தன் சொந்தக்காரர்களைக் கொன்றுவிட்டுப் பழியை அரக்கன்மேல் போடும் கிளைக்கதை ஒன்று முழுவதுமாக நீக்கப்பட்டது. சுமார் கால்மணி நேரம் குறைந்து, படம் 75 நிமிடத்தில் வந்து நின்றது. முதல் படம் வந்த காலத்தில் இவ்வளவு கெடுபிடி இருக்கவில்லை. தொடர்ச்சி பல இடங்களில் சாடையாகவும் கிண்டலாகவும் பேசுவதற்கு வேலின் குணம் ஒரு காரணம் என்றால், நேராகச் சொல்ல விடாத இந்தச் சூழல் இன்னொரு காரணம்.

முடிவும் கடைசி நேரத்தில் மாறியது. ஆய்வுக்கூடம் வெடிக்கும்போது ஹென்றியும் அதற்குள்ளேயே சாவதாக எடுத்திருந்தார்கள். பிறகு மனம் மாறி, அரக்கனே அவனையும் எலிசபெத்தையும் தப்பிப் போகச் சொல்வதாக மறுபடியும் எடுத்தார்கள். ஆனால் கட்டடம் இடியும் காட்சியை இன்னொரு முறை எடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை. அதனால் இன்றும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தால், வெளியே ஓடித் தப்பிவிட்ட ஹென்றி உள்ளே சுவரோரம் நிற்பது தெரியும். 1931இன் படத்திலும் இப்படியே நடந்தது: காற்றாலையிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறக்க வேண்டிய ஹென்றியை, அடுத்த பாகத்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்று உணர்ந்த நிறுவனம் ஒரு சிறு காட்சியைச் சேர்த்துப் பிழைக்க வைத்தது. இரண்டு படத்திலும் விஞ்ஞானியைக் காப்பாற்றியவர்கள் கணக்குப் பிரிவினர் என்று சொன்னால் தப்பில்லை.

படம் 1935 ஏப்ரலில் வெளியாகி வெற்றி பெற்றது. காலின் கிளைவ் 1937இல் காசநோயால் இறந்தார். மூன்றாம் பாகம் 1939இல் வந்தபோது ஜேம்ஸ் வேல் அதில் இல்லை. ஹென்றியும் கதையில் இறந்துபோயிருந்தான், அவனுடைய மகன்தான் ஊருக்குத் திரும்பி வருகிறான். அரக்கனாகக் கார்லாஃப் நடித்த கடைசி முழுநீளப் படம் அது. அதில் அரக்கன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. குடிசையில் கற்ற சொற்கள் எங்கே போயின என்று படம் விளக்கவும் இல்லை.